ஒரு நாட்டின் கடைசிப் புள்ளிப்பட்டியல்: யூகோஸ்லாவிய உதைபந்தாட்ட லீக், 1990–91

யூகோஸ்லாவியாவின் முதற்பிரிவு உதைபந்தாட்ட லீக்கின் 1990–91 பருவகாலம் 1990 ஓகஸ்டில் தொடங்கி 1991 ஜூனில் முடிந்தது. 19 கழகங்கள் ஆடின. ஒவ்வொரு கழகத்துக்கும் 36 ஆட்டங்கள். பெல்கிறேட்டின் றெட் ஸ்டார் 54 புள்ளிகளுடன் சம்பியனானது. ஸாக்ரெப்பின் டினாமோ 46 புள்ளிகளுடன் இரண்டாம் இடம். பெல்கிறேட்டின் இன்னொரு கழகமான பார்ட்டிசான் மூன்றாம் இடம். அந்த ஜூன் மாதமே, 25ஆம் திகதி, ஸ்லோவேனியாவும் குரோசியாவும் சுதந்திரப் பிரகடனம் செய்தன. இந்த 19 கழகங்களும் மீண்டும் ஒரே பட்டியலில் வரவில்லை.

போர் எப்படித் தொடங்கியது என்று கேட்டால் அரசியல் நூல்கள் தலைவர்களின் பெயர்களையும் தீர்மானங்களையும் தரும். எனக்கு அந்த நாட்டின் உடைவு முதலில் விளங்கியது இந்தப் புள்ளிப்பட்டியலின் ஊடாகத்தான். ஒரு நாடு சட்டப்படி இருந்துகொண்டே உள்ளுக்குள் எப்படி இல்லாமற்போகிறது என்பதை வாராவாரம், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகப் பதிவு செய்துவைத்திருக்கும் ஆவணம் அது.

பட்டியலை முதலில் ஊர்வாரியாகப் பார்ப்போம். சேர்பியாவிலிருந்து எட்டுக் கழகங்கள். அவற்றில் றெட் ஸ்டார், பார்ட்டிசான், ராட், செமுன் ஆகிய நான்கும் பெல்கிறேட்டைச் சேர்ந்தவை. மற்றவை நிஷ் நகரின் ராட்னிச்கி, நோவி சாட்டின் வொய்வொடினா, ஸ்ரென்யானினின் புறொலெற்றர், சுபொட்டிட்சாவின் ஸ்பார்ட்டாக். பொஸ்னியாவிலிருந்து ஐந்து: சரயேவோவின் இரு கழகங்களான செலெஸ்னிச்சாரும் சரயேவோவும், மொஸ்டாரின் வெலெஷ், துஸ்லாவின் ஸ்லொபொடா, பன்யா லூக்காவின் பொராட்ஸ். குரோசியாவிலிருந்து நான்கு: டினாமோ, ஸ்பிளிற் நகரின் ஹைடுக், ரியெக்கா, ஒசியெக். ஸ்லோவேனியாவிலிருந்து லுப்லியானாவின் ஒலிம்பியா மட்டும். மொன்ரநீக்ரோவிலிருந்து புடுச்னொஸ்ட் மட்டும். மசிடோனியாவிலிருந்து அந்த ஆண்டு ஒரு கழகமும் இல்லை. ஆனால் பருவகாலத்தில் அதிக கோல்களைப் போட்டவர் மசிடோனியாவின் ஸ்கொப்யே நகரைச் சேர்ந்த டார்கோ பன்செவ். 34 கோல்கள். அவர் ஆடியது றெட் ஸ்டாருக்கு.

லீக்கின் ஒரு விசித்திரமான விதியையும் சொல்லவேண்டும். வெற்றிக்கு இரண்டு புள்ளிகள். ஆட்டம் சமநிலையில் முடிந்தால் இரு அணிகளுக்கும் ஒவ்வொரு புள்ளி என்பதுதான் அக்காலத்து உலக வழக்கம். யூகோஸ்லாவியாவில் 1988 முதல் அப்படியில்லை. சமநிலையில் முடிந்த ஒவ்வொரு லீக் ஆட்டத்துக்கும் தண்ட உதைகள் நடத்தப்பட்டன. அதில் வென்ற அணிக்கு ஒரு புள்ளி, தோற்ற அணிக்கு ஒன்றுமில்லை. முன்கூட்டியே பேசிவைத்துச் சமநிலையாக முடிக்கும் ஆட்டங்களை ஒழிப்பதே நோக்கம் என்றார்கள். அந்த ஏற்பாட்டைப் பலர் கேலி செய்தார்கள். ஆனால் அந்த நாட்டின் வீரர்கள் மூன்று ஆண்டுகளாகத் தண்ட உதைகளை ஒரு வழமையான வேலையாகவே செய்துவந்தார்கள் என்பதைப் பின்னால் வரும் ஓர் இரவுக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மக்சிமிர், 1990 மே 13

இந்தப் பருவகாலத்தின் கதை அதற்கு முந்தைய பருவகாலத்தின் இறுதியில் தொடங்குகிறது. 1990 ஏப்ரல்–மே மாதங்களில் குரோசியாவில் பலகட்சித் தேர்தல் நடந்தது. ஃப்ரான்யோ டுஜ்மானின் தேசியவாதக் கட்சி வென்றது. ஒரு வாரம் கூடக் கழியவில்லை. மே 13ஆம் திகதி ஸாக்ரெப்பின் மக்சிமிர் விளையாட்டரங்கில் டினாமோவுக்கும் றெட் ஸ்டாருக்கும் ஆட்டம்.

றெட் ஸ்டாரின் ‘டெலியே’ என்ற ரசிகர் படை பெல்கிறேட்டிலிருந்து வந்திருந்தது. அதை வழிநடத்தியவர் ஸெல்கோ ரஸ்னாடோவிச். ‘ஆர்கன்’ என்றால்தான் உலகுக்குத் தெரியும். எதிரே டினாமோவின் ‘பாட் புளூ போய்ஸ்’. இருக்கைகள் பிடுங்கி எறியப்பட்டன, வேலிகள் உடைந்தன, மைதானத்துக்குள் கூட்டம் இறங்கியது. பொலிஸார் டெலியேயை விட்டுவிட்டுத் தங்களை மட்டும் அடிக்கிறார்கள் என்று ஸாக்ரெப் ரசிகர்கள் ஆத்திரப்பட்டார்கள். அந்தக் களேபரத்தில் டினாமோவின் 21 வயது அணித்தலைவர் ஸ்வொனிமிர் போபன், ரசிகர் ஒருவரைத் தாக்கிய பொலிஸ்காரர் மீது பாய்ந்து உதைத்தார். அந்தப் படம் உலகம் முழுவதும் போனது. ஆட்டம் நடக்கவேயில்லை.

போபன் தடை செய்யப்பட்டு, அந்த ஆண்டு இத்தாலியில் நடந்த உலகக்கிண்ணத்தில் ஆடும் வாய்ப்பை இழந்தார். குரோசியாவில் அவர் வீரநாயகன். உதை வாங்கிய பொலிஸ்காரர் சேர்பியர் அல்ல, பொஸ்னிய முஸ்லிம் என்பது பின்னர்தான் பலருக்குத் தெரியவந்தது. சேர்பிய ஆதிக்கத்துக்கு விழுந்த உதை என்று கொண்டாடப்பட்ட உதையை வாங்கியவர், அடுத்த இரண்டு ஆண்டுகளில் இருபுறமும் இடிபடப்போகும் சமூகத்தைச் சேர்ந்தவர். தான் போபனை மன்னித்துவிட்டதாக அவர் பிற்காலத்தில் சொன்னார்.

மக்சிமிர் அரங்குக்கு வெளியே இன்று ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. இந்த மைதானத்தில் 1990 மே 13இல் சேர்பியாவுடனான போரைத் தொடங்கிய கழக ரசிகர்களுக்கு அது காணிக்கை என்று அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நான் அதை ஏற்கவில்லை. போரை ரசிகர்கள் தொடங்குவதில்லை. ஆயுதக் களஞ்சியத்தின் திறப்பு யாரிடம் இருந்தது, தொலைக்காட்சி நிலையம் யாரிடம் இருந்தது, படைக்கு உத்தரவிட யாரால் முடிந்தது என்று கேட்டால் விடை விளையாட்டரங்குக்கு வெளியேதான் கிடைக்கும். மைதானத்தில் தொடங்கிய போர் என்ற கதை இரு தரப்புத் தலைவர்களுக்கும் வசதியானது. இளைஞர்கள் தாங்களாகவே கொதித்தெழுந்தார்கள், நாங்கள் பின்னால்தான் போனோம் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? ஆனால் ஒன்று உண்மை. மக்சிமிரில் கைகலந்த இரு தரப்பிலிருந்தும் பலர் அடுத்த ஆண்டு சீருடையில் இருந்தார்கள். ஆர்கன் 1990 ஒக்டோபரில் ‘சேர்பியத் தொண்டர் படை’ என்ற துணை ஆயுதக் குழுவை அமைத்தபோது அவருக்கு ஆள் சேர்க்கும் இடமாக டெலியே இருந்தது. அரங்கில் ஒழுங்காக நிற்கவும், ஒரே குரலில் கத்தவும், சொன்னால் முன்னேறவும் பழகிய இளைஞர்கள். அவர்களுக்குத் துவக்கு மட்டும்தான் புதிது.

ஓகஸ்டிலிருந்து டிசெம்பர் வரை

இத்தனைக்குப் பிறகும் லீக் வழமைபோல் தொடங்கியது. அதே 1990 ஓகஸ்டில், குரோசியாவுக்குள் சேர்பியர்கள் செறிந்து வாழ்ந்த க்னின் பகுதியில் வீதிகளுக்குக் குறுக்கே மரங்கள் வெட்டிப் போடப்பட்டன. அந்தக் கிளர்ச்சிக்கு ‘மரக்குற்றிப் புரட்சி’ என்றே பெயர் வந்தது. ஒரு பக்கம் வீதித்தடைகள், மறுபக்கம் ஆட்ட அட்டவணை.

செப்டெம்பர் 26ஆம் திகதி ஸ்பிளிற் நகரின் பொல்யூட் அரங்கில் ஹைடுக்கும் பார்ட்டிசானும் மோதின. பார்ட்டிசான் யூகோஸ்லாவிய இராணுவத்தின் கழகமாகப் பிறந்தது, பெயரே கெரில்லாப் போராளிகளைக் குறிப்பது. பார்ட்டிசான் முன்னிலையில் இருந்தபோது ஹைடுக்கின் ‘டோர்சிடா’ ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கினார்கள். பார்ட்டிசான் வீரர்கள் உயிர்பிழைக்க உடைமாற்றும் அறைக்கு ஓடினார்கள். கம்பத்தில் பறந்த யூகோஸ்லாவியக் கொடி இறக்கி எரிக்கப்பட்டு, குரோசியக் கொடி ஏற்றப்பட்டது. ஆட்டம் கைவிடப்பட்டது.

அதே பொல்யூட் அரங்கில் பத்து ஆண்டுகளுக்கு முன்னர், 1980 மே 4ஆம் திகதி, ஹைடுக்கும் றெட் ஸ்டாரும் ஆடிக்கொண்டிருந்தபோது ஆட்டம் இடைநிறுத்தப்பட்டு, ஜனாதிபதி டிட்டோ இறந்துவிட்டார் என்ற அறிவிப்பு வந்தது. இரு அணி வீரர்களும் மைதானத்தில் அழுதார்கள். அரங்கம் முழுவதும் எழுந்து நின்று டிட்டோவுக்கு விசுவாசம் கூறும் பாடலைப் பாடியது. அந்த ஒளிப்பதிவை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அந்தக் கண்ணீர் போலி என்று இன்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. 1980இல் அழுததும் உண்மை, 1990இல் எரித்ததும் உண்மை. பத்து ஆண்டுகள் ஒரு சமூகத்துக்கு நீண்ட காலம். பொருளாதாரம் நொறுங்கி, பணவீக்கம் சம்பளத்தைத் தின்று, ஒவ்வொரு குடியரசிலும் ஒவ்வொரு தலைவர் பழைய புதைகுழிகளைத் தோண்டி எலும்புகளை எண்ணத் தொடங்கியிருந்த பத்து ஆண்டுகள் அவை.

அந்த அணி

றெட் ஸ்டாரைப் பற்றி எழுதும்போது ஒரு சங்கடம் வரும். டெலியேயும் ஆர்கனும் நிற்கும் அதே கொடியின் கீழ் ஆடிய பதினொரு பேரும் யூகோஸ்லாவியா என்ற எண்ணத்தின் மிக அழகான வடிவமாக இருந்தார்கள். நான் உதைபந்தாட்டம் பார்க்கத் தொடங்கியபின் கண்ட அணிகளில் இவ்வளவு கலவையான ஓர் அணி இவ்வளவு இயல்பாக ஆடியதில்லை.

பன்செவ், இலியா நைடோஸ்கி இருவரும் மசிடோனியர்கள். டெயான் சாவிசெவிச் மொன்ரநீக்ரோவின் தலைநகரிலிருந்து வந்தவர். ரெஃபிக் ஷபனாஜோவிச் முஸ்லிம். ரொபர்ட் புறோசினெச்கி ஜேர்மனியில் பிறந்தவர், தந்தை குரோசியர், தாய் சேர்பியர். சினிஷா மிஹைலோவிச் குரோசியாவின் வுகோவாரில் பிறந்து அருகிலுள்ள பொறோவோவில் வளர்ந்தவர், தந்தை சேர்பியர், தாய் குரோசியர். பின்களத்தைக் காத்த மியோட்ராக் பெலோடெடிச், ருமேனியாவில் பிறந்த சேர்பியர். சௌஷெஸ்குவின் ஆட்சியிலிருந்து தப்பி வந்து, தன் சிறுவயதுக் கனவான றெட் ஸ்டாரின் கதவைத் தட்டியவர். விளாடிமிர் யூகோவிச், டிராகிஷா பினிச், பந்துக்காப்பாளரும் அணித்தலைவருமான ஸ்டெவான் ஸ்டொயனோவிச் ஆகியோர் சேர்பியர்கள். பயிற்றுநர் லியூப்கோ பெட்ரோவிச்.

புறோசினெச்கி முதலில் டினாமோவில்தான் இருந்தார். அங்கே பயிற்றுநராக இருந்த மிரோஸ்லாவ் பிளாசெவிச், இந்தப் பையன் உண்மையான உதைபந்தாட்டக்காரனாக வந்தால் தன் பயிற்றுநர் சான்றிதழைத் தின்றுவிடுகிறேன் என்றாராம். பையன் பெல்கிறேட் போனான். 1987இல் சிலியில் நடந்த இளையோர் உலகக்கிண்ணத்தை யூகோஸ்லாவியா வென்றபோது புறோசினெச்கி, போபன், டாவோர் ஷூக்கர், பிரெட்ராக் மியாட்டோவிச், இகோர் ஷ்டிமாட்ஸ், ரொபர்ட் யார்னி எல்லோரும் ஒரே சீருடையில் இருந்தார்கள். பின்னர் 1998 உலகக்கிண்ணத்தில் குரோசியாவுக்காக மூன்றாம் இடம் வென்ற அணியின் பயிற்றுநர் அதே பிளாசெவிச். அந்த அணியில் புறோசினெச்கியும் இருந்தார். சான்றிதழ் என்னவாயிற்று என்று யாரும் எழுதவில்லை.

இவ்வளவு திறமை ஒரே நாட்டில் தேங்கி நின்றதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. நீண்ட காலமாக யூகோஸ்லாவிய வீரர்கள் 28 வயது ஆகும்வரை வெளிநாட்டுக் கழகங்களுக்குப் போக முடியாது. அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துகொண்டிருந்தாலும், இந்தத் தலைமுறை கலைந்து போவதற்கு முன்னர் கொஞ்சக் காலம் ஒன்றாக இருந்தது. கழக நிர்வாகத்தில் இருந்த முன்னாள் வீரர் டிராகன் ஜாயிச் ஐரோப்பியக் கிண்ணத்தை இலக்காக வைத்து ஆண்டுக்கணக்கில் ஆள் சேர்த்தார். மிஹைலோவிச் வந்துசேர்ந்தது இந்தப் பருவகாலத்தின் நடுவில்தான்.

1991: இரண்டு நாட்காட்டிகள்

1991 மார்ச்சிலிருந்து மே வரை நடந்ததை எழுத எனக்கு ஒரே வழிதான் தெரிகிறது. ஆட்ட நாட்காட்டியையும் போர் நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது.

மார்ச் 6: ஐரோப்பியக் கிண்ணக் காலிறுதியில் றெட் ஸ்டார் பெல்கிறேட்டில் ஜேர்மனியின் டிரெஸ்டென் அணியை 3–0 என வென்றது. மூன்று நாள் கழித்து, மார்ச் 9இல், அதே பெல்கிறேட்டில் ஸ்லொபொடான் மிலோஷெவிச்சின் ஆட்சிக்கும் அவரது தொலைக்காட்சிக்கும் எதிராகப் பெரும் ஆர்ப்பாட்டம். இருவர் கொல்லப்பட்டனர். இராணுவத் தாங்கிகள் தெருவில் இறங்கின. சேர்பியர் எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று நினைப்பவர்கள் இந்தத் திகதியைக் குறித்துக்கொள்வது நல்லது. டிரெஸ்டெனில் நடந்த இரண்டாம் ஆட்டம் உள்ளூர் ரசிகர்களின் வன்முறையால் இடையில் கைவிடப்பட்டு, வெற்றி றெட் ஸ்டாருக்கே வழங்கப்பட்டது.

மார்ச் 31, உயிர்த்த ஞாயிறு: குரோசியாவின் பிளிட்விட்சே ஏரிப் பகுதியில் குரோசியப் பொலிஸாருக்கும் சேர்பிய ஆயுததாரிகளுக்கும் மோதல். இரு தரப்பிலும் ஒவ்வோர் உயிர் போனது.

ஏப்ரல் 10: றெட் ஸ்டார் மியூனிக்கில் பயேர்ன் அணியை 2–1 என வென்றது. ஏப்ரல் 24: பெல்கிறேட்டில் இரண்டாம் ஆட்டம் 2–1 எனப் பயேர்ன் முன்னிலையில் இருந்து, மேலதிக நேரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கடைசி நிமிடத்தில் மிஹைலோவிச் உள்ளே அனுப்பிய பந்து பயேர்ன் தலைவர் அவுகென்டாலரின் காலில் பட்டு எழும்பி, பந்துக்காப்பாளரையும் தாண்டி வலைக்குள் விழுந்தது. 2–2. றெட் ஸ்டார் இறுதிப்போட்டியில்.

மே 2: பொறோவோ செலோ. மிஹைலோவிச் வளர்ந்த பொறோவோவின் அயற்கிராமம். பதுங்கித் தாக்கியதில் 12 குரோசியப் பொலிஸார் கொல்லப்பட்டனர். இனித் திரும்ப முடியாது என்று பலரும் உணர்ந்த நாள் அது. மே 6: ஸ்பிளிற் நகரில் இராணுவத்துக்கு எதிராக ஆர்ப்பாட்டம். படைச்சிப்பாய் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 19 வயது. மசிடோனியர். யாருடைய சண்டையில் யார் செத்தது என்று அந்தத் தாய் கேட்டிருப்பாள்.

இரண்டு நாள் கழித்து, மே 8, மார்ஷல் டிட்டோ கிண்ணத்தின் இறுதிப்போட்டி. இடம் பெல்கிறேட், இராணுவத்தின் அரங்கு. ஸ்பிளிற் நகரின் ஹைடுக் அங்கே போய் றெட் ஸ்டாரைச் சந்திக்கவேண்டும். போனார்கள். அலென் பொக்ஷிச்சின் ஒரே கோலில் ஹைடுக் 1–0 என வென்றது. ஐரோப்பியச் சம்பியனாக இன்னும் மூன்று வாரங்களே இருந்த அணியை அதன் சொந்த ஊரில் வீழ்த்தியது. அந்த ஆட்டத்தில் ஷ்டிமாட்ஸும் மிஹைலோவிச்சும் மோதிக்கொண்டு இருவரும் வெளியேற்றப்பட்டார்கள். பொறோவோவில் இருந்த தன் குடும்பத்தைக் குறித்துச் சொல்லக்கூடாத ஒன்றை ஷ்டிமாட்ஸ் சொன்னதாக மிஹைலோவிச் பின்னர் கூறினார். ஷ்டிமாட்ஸ் அதை மறுத்தார். டிட்டோவின் பெயர் தாங்கிய அந்தக் கிண்ணம் ஸ்பிளிற் போனது, திரும்பிவரவில்லை. இன்றும் ஹைடுக்கிடம்தான் இருக்கிறது.

மே நடுப்பகுதியில் லீக்கில் டினாமோ ஸாக்ரெப்பில் றெட் ஸ்டாரை 3–2 என வென்றது. சம்பியன் பட்டத்தை அது பாதிக்கவில்லை. மே 19: குரோசியாவில் சுதந்திரத்துக்கான பொதுவாக்கெடுப்பு. மிகப் பெரும்பான்மையானோர் ஆம் என்றனர்.

மே 29: இத்தாலியின் பாரி நகரம். ஐரோப்பியக் கிண்ண இறுதிப்போட்டி, எதிரணி பிரான்சின் மார்செய். அழகாக ஆடித் தோற்பதைவிட அசிங்கமாக ஆடி வெல்வது மேல் என்று பெட்ரோவிச் முடிவெடுத்திருந்தார். பந்தை வைத்திருக்காதீர்கள், அவர்களிடமே கொடுத்துவிடுங்கள் என்று தன் வீரர்களிடம் சொன்னதாகப் பின்னர் பலரும் நினைவுகூர்ந்தார்கள். முழு ஆட்டத்தின் ஒளிப்பதிவை ஒருமுறை பார்த்தேன். மறுமுறை பார்க்கச் சொன்னால் மாட்டேன். 120 நிமிடங்களில் கோல் இல்லை. தண்ட உதைகள். முன்னாள் றெட் ஸ்டார் தலைவர் டிராகன் ஸ்டொய்கோவிச் அப்போது மார்செய் வீரர். தன் பழைய கழகத்துக்கு எதிராகத் தண்ட உதை எடுக்க மறுத்துவிட்டார். மார்செயின் முதல் உதையை அமொரோஸ் எடுத்தார், ஸ்டொயனோவிச் தடுத்தார். றெட் ஸ்டாருக்காக புறோசினெச்கி, பினிச், பெலோடெடிச், மிஹைலோவிச், பன்செவ் என ஐவரும் தவறவிடவில்லை. 5–3. சமநிலைக்கு ஒரு புள்ளி தர மறுத்த அந்தக் கேலிக்குரிய உள்நாட்டு விதியின் பயிற்சி அந்த இரவில் கைகொடுத்தது என்றே நினைக்கிறேன். பாதிக் குரோசியர், குடியேறிய ருமேனியப் பிரஜை, வுகோவார்காரர், மசிடோனியர் என ஒவ்வொருவராக நடந்துபோய் உதைத்தார்கள். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அவர்கள் திரும்பிவந்த நாட்டுக்கு இன்னும் நான்கு வாரம்கூட மிச்சமில்லை.

கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற இரண்டாவது கழகம் அது. முதலாவது 1986இல் ருமேனியாவின் ஸ்டெவா. இரு அணிகளிலும் ஆடியவர் பெலோடெடிச். மூன்றாவதாக ஒரு கழகம் இன்றுவரை வரவில்லை.

பிறகு

1991–92 பருவகாலம் குரோசிய, ஸ்லோவேனியக் கழகங்கள் இல்லாமல் தொடங்கியது. றெட் ஸ்டார் மறுபடியும் சம்பியன். ஆனால் ஐரோப்பியக் கிண்ண ஆட்டங்களைச் சொந்த ஊரில் நடத்த அனுமதியில்லை. சம்பியன்கள் ஹங்கேரியிலும் பல்கேரியாவிலும் வாடகை மைதானங்களில் ‘சொந்த’ ஆட்டங்களை ஆடினார்கள். 1991 நவம்பர் 18ஆம் திகதி, 87 நாள் முற்றுகைக்குப்பின் வுகோவார் வீழ்ந்தது. டிசெம்பர் 8ஆம் திகதி, டோக்கியோவில், சிலியின் கொலோ கொலோவை 3–0 என வென்று றெட் ஸ்டார் உலகக் கழகச் சம்பியனானது. மிஹைலோவிச்சின் வீடு அழிந்திருந்தது. தாய்வழி மாமன் ஆர்கனின் ஆட்களிடம் அகப்பட்டபோது, தன் தொலைபேசி இலக்கம் அவரிடம் இருந்ததால் ஆர்கன் தன்னை அழைத்துக் கேட்டார், அதனால்தான் மாமன் உயிர்தப்பினார் என்று மிஹைலோவிச் பிற்காலத்தில் சொன்னார். தந்தையின் பக்கத்து ஆயுதக்குழு, தாயின் பக்கத்து உறவினர். கலப்புக் குடும்பங்களுக்குப் போர் என்ன செய்தது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சாட்சியம் எனக்குத் தெரியாது.

1992 மார்ச்சில் பெல்கிறேட்டில் நடந்த றெட் ஸ்டார்–பார்ட்டிசான் ஆட்டத்தின்போது, சீருடையணிந்த ஆர்கனின் ஆட்கள் அரங்கின் ஓரத்தில் எழுந்து நின்று வீதிப் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்கள். வுகோவாருக்கு இவ்வளவு தூரம், இன்னும் இவ்வளவு தூரம், கடைசியில் வுகோவாருக்கு நல்வரவு. பரம எதிரிகளான இரு கழகங்களின் ரசிகர்களும் ஒன்றாகக் கைதட்டினார்கள். அந்தப் பலகைகள் எங்கிருந்து பிடுங்கப்பட்டவை என்று எல்லோருக்கும் தெரியும். ஆர்கன் மீது பின்னர் சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் குற்றப்பத்திரம் தாக்கல் செய்தது. விசாரணைக்கு வரும் முன்னரே, 2000 ஜனவரியில், பெல்கிறேட் ஹோட்டல் ஒன்றில் சுட்டுக் கொல்லப்பட்டார். பாதிக்கப்பட்டவர்களுக்கு அவரைக் கூண்டில் பார்க்கக் கிடைக்கவில்லை.

சரயேவோவில் 1992 ஏப்ரல் 5ஆம் திகதி செலெஸ்னிச்சார் கழகத்துக்கும் பெல்கிறேட்டின் ராட் கழகத்துக்கும் லீக் ஆட்டம் இருந்தது. கிர்பவிட்சா மைதானத்தைச் சுற்றித் துப்பாக்கிச் சூடு தொடங்க, ஆட்டம் நடக்கவில்லை. நகரின் முற்றுகை 1,425 நாட்கள் நீடித்தது. கிர்பவிட்சா முன்னரங்க நிலையாகி எரிந்தது, புற்றரைக்குக் கீழே கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. நகரின் மறுபுறம் கொஷெவோ அரங்கை அண்டிய திடல்களில் மக்கள் தங்கள் இறந்தவர்களைப் புதைத்தார்கள், வேறு இடம் இருக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் சுவிற்சர்லாந்தில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்தேன். அகதியாக வந்த நம்மவர்களும் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்களும் அந்த நாட்டில் ஒரே காலத்தில், ஒரே மாதிரியான வேலைகளில் நின்றோம். என்னோடு பாத்திரம் கழுவியவர் சரயேவோக்காரர், வயதில் மூத்தவர். எந்த நாடு என்று கேட்டால் நாட்டின் பெயரைச் சொல்லமாட்டார். ‘செல்யோ’ என்பார், தன் கழகத்தின் செல்லப்பெயர். இந்த 19 கழகங்களின் பெயர்களையும் நான் முதன்முதலில் கேட்டது அவர் வாயால்தான். தட்டுகளை அடுக்கிக்கொண்டே ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்வார். தன் வீட்டின் மீது எறிகணை வீசியவர்களின் ஊர்க் கழகங்களையும் விடமாட்டார். அவற்றை ஏன் சொல்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். அவர்களும் லீக்கில் இருந்தார்கள்தானே என்றார். பிறகு எங்கள் ஊரில் என்ன கழகம், யார் நல்ல ஆட்டக்காரர் என்று கேட்டார். சொன்னேன். அவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அடுத்துக் கேட்டார். போரிலிருந்து வந்தவர்தான் அப்படி அடுத்த கேள்வியைக் கேட்பார்.

அவருடைய கழகத்தின் மகத்தான பெயர் இவிட்சா ஒசிம். 1990 உலகக்கிண்ணத்தில் யூகோஸ்லாவியாவைக் காலிறுதிவரை கொண்டுபோன பயிற்றுநர். அவரது மனைவியும் மகளும் முற்றுகைக்குள் சிக்கியிருக்க, 1992 மேயில் தேசிய அணிப் பதவியைத் துறந்தார். தன் நகரத்துக்குத் தன்னால் செய்யமுடிந்தது அதுமட்டும்தான் என்றார். சில நாட்களில் ஐ.நா. தடைகளால் யூகோஸ்லாவியா ஐரோப்பியக் கிண்ணப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. பதிலாக அழைக்கப்பட்ட டென்மார்க் அந்தக் கிண்ணத்தையே வென்றது. வீரர்கள் நாலாபக்கமும் சிதறினார்கள். 1994இல் ஏதென்ஸில் மிலான் அணி பார்சலோனாவை 4–0 என வீழ்த்தியபோது அதன் நடுக்களத்திலும் முன்களத்திலும் மக்சிமிரின் போபனும் றெட் ஸ்டாரின் சாவிசெவிச்சும் அருகருகே ஆடினார்கள்.

கிர்பவிட்சாவில் கண்ணிவெடிகள் அகற்றப்பட்டு 1996 மேயில் சரயேவோவின் இரு கழகங்களும் அங்கே மறுபடி மோதின. கூடைப்பந்தாட்டத்தில் 2001 முதல் முன்னாள் யூகோஸ்லாவிய நாடுகளின் கழகங்கள் பொது லீக் ஒன்றில் ஆடுகின்றன. உதைபந்தாட்டத்தில் அது இன்னும் கைகூடவில்லை. கூட்டத்தை யார் கட்டுப்படுத்துவது என்ற கேள்விக்கு யாரிடமும் விடையில்லை. 2013இல் குரோசியாவும் சேர்பியாவும் உலகக்கிண்ணத் தகுதிகாண் சுற்றில் சந்தித்தபோது, இரு ஆட்டங்களுக்கும் எதிரணி ரசிகர்கள் அனுமதிக்கப்படவில்லை. குரோசியாவின் பயிற்றுநர் இகோர் ஷ்டிமாட்ஸ், சேர்பியாவின் பயிற்றுநர் சினிஷா மிஹைலோவிச். 1991 மே 8இல் ஒன்றாக வெளியேற்றப்பட்ட அதே இருவர். மக்சிமிர் அரங்கில் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

ஷ்டிமாட்ஸ் பின்னர் நம் பக்கத்துக்கே வந்தார், 2019 முதல் 2024 வரை இந்தியத் தேசிய அணியின் பயிற்றுநராக. மிஹைலோவிச் இரத்தப் புற்றுநோயால் 2022 டிசெம்பரில் ரோமில் காலமானார். ஒசிம் அதே ஆண்டு மே மாதம் முதலாம் திகதி காலமானார், சரயேவோவில் அடக்கம் செய்யப்பட்டார்.